சத்திரத்தோடு முடியாத தருமம்



நல்ல சமாரியன் உவமையை (அர்ச். லூக்காஸ் 10) நாம் எல்லோரும் அறிவோம். அவன் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றினான். சத்திரத்தில் சேர்த்துப் பணமும் கொடுத்தான். அதோடு, தான் திரும்பி வருவதாகவும் சொன்னான். இந்தக் கடைசி வார்த்தையை நாம் கவனிப்பதில்லை.

நானும் கவனிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், பேச்சு வராத பன்னிரண்டு வயது மகனோடு ஒரு தாய் என்னிடம் வந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, உதவித்தொகைக்கு ஒன்று என மூன்று கடிதங்கள் எழுதிக் கொடுத்தேன். என் கடமை முடிந்தது என்றிருந்தேன். ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால், மூன்றும் அவள் பையிலேயே கசங்கிக் கிடந்தன. ஓரிடத்தில் பள்ளிச் சான்று கேட்டார்கள். மற்றோரிடத்தில் டாக்டர் சான்று கேட்டார்கள். கூலியை இழந்து அவள் எத்தனை நாள் அலைவாள்? நான் சத்திரத்துக்கு வழி காட்டினேன். திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

அர்ச். ஜான் போஸ்கோ அப்படி விட்டுவிடவில்லை. தூரின் நகரத்தில் ஏழைச் சிறுவன் ஒருவனுக்காக 1852-ம் ஆண்டு பிப்ரவரியில் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதுவித்தார். எஜமான் அவனுக்குத் தச்சு வேலை கற்பிக்க வேண்டும். தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கக்கூடாது. வாரந்தோறும் கூலி தர வேண்டும். தவறு செய்தால் அன்பான சொல்லால் திருத்த வேண்டுமேயன்றித் துன்புறுத்தக்கூடாது. பையனின் நன்னடத்தைக்குத் தாமே துணைநிற்பதாகவும் அர்ச்சியசிஷ்டவர் வாக்களித்தார்.

இன்றைய சட்டமும் இவ்வழியே செல்கிறது. பாதுகாப்பு வேண்டிய பிள்ளை ஒவ்வொருவருக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதச் சொல்கிறது 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். 2013 முதல் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதித்து, குறை கண்டால் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புகிறார்கள். ஊனமுற்றோர் உரிமைக்கான 2016-ம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆக, வழிகள் உண்டு. கூடவே நடக்க ஆள் இல்லாததே குறை.

ஆகையால் மூன்று காரியங்களைக் கடைப்பிடியுங்கள்:

1. ஒரே நோட்டு. டாக்டர் சொன்னது, பள்ளியில் சொன்னது, அடுத்துப் போகவேண்டிய தேதி எல்லாம் அதிலேயே இருக்கட்டும். சான்றுகளின் நகலும் அதனுடன் இருக்கட்டும்.

2. ஒரே பொறுப்பாளி. தாயோ, மாமனோ, அண்டை வீட்டாரோ, ஒருவர் முழுவதும் அறிந்திருக்க வேண்டும். பிள்ளைக்கு 18 வயது நிறையுமுன்பே அடுத்த வழியையும் அவர் தேட வேண்டும். ஆனால் பிள்ளையின் இரகசியத்தை ஊரில் பரப்பலாகாது.

3. பிள்ளையையும் கேளுங்கள். அவனுக்கு எது பிடிக்கும், எதற்குப் பயப்படுகிறான் என்பதை அவனைவிட அறிந்தவர் யார்? பேச்சு வராவிட்டாலும் சைகை உண்டு.

ஆபத்திலிருக்கும் பிள்ளைக்கு 1098 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக உதவி கேட்கலாம்.

அந்தத் தாயோடு இப்போது வின்சென்ட் தே பவுல் சபைச் சகோதரர் ஒருவர் மாதந்தோறும் போய்வருகிறார். பையன் பேச்சுப் பயிற்சிக்குப் போகிறான். சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் நோட்டைத் தானே கொண்டுவந்து எனக்குக் காட்டினான்.

இவ்வாரப் பிரதிக்கினை: உங்கள் தெருவில் இப்படி அலையும் ஒரு குடும்பத்தைச் சென்று காணுங்கள். அடுத்த வாரமும் போங்கள்.

உங்கள் பங்குக் குருவானவர்