ஒரு துளி ஈயமும் ஒரு கையெழுத்தும்

மடுல்கெல்லையில் என் கடைக்குப் பின்னால் இருக்கும் சிறிய அறையில் என் மருமகனும் அவருடைய இரண்டு நண்பர்களும் ஒரு தொழில் செய்கிறார்கள். கண்டிப் பகுதிக் கைவினைஞர்களிடமிருந்து பித்தளை விளக்குகளையும் மரக் கூடுகளையும் வாங்கி, உள்ளே எல்.ஈ.டி. விளக்கும் வயரும் சுவிச்சும் பொருத்தி விற்பதே அந்தத் தொழில். உல்லாசப் பயணிகள் விரும்பி வாங்குகிறார்கள். இப்படி வாங்கிச் சென்ற ஒருவர் ஜெர்மனியில் இருந்து 200 விளக்குகளுக்கு ஓடர் அனுப்பினார். கூடவே இரண்டு பக்கப் படிவம் ஒன்றும் வந்தது. அந்தப் பொருளில் ஈயம், கட்மியம், இரசம் முதலியவை குறிப்பிட்ட அளவுக்கு மேல் இல்லை என்று உற்பத்தியாளர் உறுதியளித்துக் கையொப்பமிட வேண்டும் என்பதே அதன் சாரம்.

"மாமா, இதுல கையெழுத்து வச்சிட்டா சரிதானே? எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க?" என்று கேட்டார் மருமகன்.

"மகன், நீங்க வைக்கிற சொல்டர்ல ஈயம் எத்தனை வீதம்?" என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அவர் உருளையை எடுத்துப் பார்த்தார். 63/37 என்று எழுதியிருந்தது. நூற்றுக்கு 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம். படிவத்திலோ 0.1 வீதத்துக்கு மேல் கூடாது என்று இருந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

நம்மில் பலர் இப்போது சிறு அளவில் மின்சாரப் பொருட்களைப் பொருத்தி விற்கிறோம், இறக்குமதி செய்கிறோம், பழுது பார்க்கிறோம். ஆகவே அந்தப் படிவம் எங்களுக்குக் கற்றுத் தந்த பாடத்தை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ரொஹ்ஸ் என்பது என்ன?

மின்சார, இலத்திரனியல் பொருட்களில் ஆபத்தான பதார்த்தங்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தையே வியாபாரிகள் சுருக்கமாக 'ரொஹ்ஸ்' என்கிறார்கள். 2002ஆம் ஆண்டின் சட்டம் 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2011இல் அதற்குப் பதிலாக விரிவான புதிய சட்டம் கொண்டுவரப்பட்டது.

முதலில் ஆறு பதார்த்தங்கள் கட்டுப்படுத்தப்பட்டன. ஈயம், இரசம், கட்மியம், அறுவலு குரோமியம், தீப்பிடிக்காமல் இருப்பதற்காகப் பிளாஸ்டிக்கில் சேர்க்கப்படும் இரண்டு வகைப் புரோமின் சேர்வைகள் என்பனவே அவை. 2019 ஜூலை 22 முதல், பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கப்படும் நான்கு தலேற்றுகளும் பெரும்பாலான பொருட்களுக்குச் சேர்க்கப்பட்டன. ஆக மொத்தம் பத்து. கட்மியத்துக்கு எல்லை 0.01 வீதம். ஏனைய ஒன்பதுக்கும் 0.1 வீதம்.

'நாங்கள் கைவினைப் பொருள்தானே செய்கிறோம், இது பெரிய தொழிற்சாலைகளுக்கு உரியது' என்று நினைக்க வேண்டாம். வெறும் பித்தளை விளக்கு கைவினைப் பொருள்தான். அதற்குள் வயரும் எல்.ஈ.டி.யும் போனவுடன் அது மின்சாரப் பொருளாகிவிடுகிறது. சட்டமும் கூடவே வந்துவிடுகிறது.

அண்டை நாடான இந்தியாவிலும் 2011ஆம் ஆண்டின் இலத்திரனியல் கழிவு விதிகள் அதே ஆறு பதார்த்தங்களுக்கு அதே எல்லைகளை விதித்தன. அந்தக் கட்டுப்பாடு 2014 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்தது. 2016இலும் 2022இலும் வந்த புதிய விதிகளிலும் அது தொடர்கிறது.

வியாபாரிகள் தவறும் கணக்கு

மருமகனின் நண்பர் ஒருவர் ஒரு கணக்குச் சொன்னார். "விளக்கு ஒரு கிலோ. அதில் சொல்டர் ஒரு கிராம்தான். அதில் ஈயம் 0.37 கிராம். ஆயிரம் கிராமில் 0.37 கிராம் என்றால் 0.037 வீதம். எல்லை 0.1 வீதம். அப்படியானால் நாங்கள் பாஸ்தானே?"

கணக்குச் சரி, ஆனால் முறை பிழை. சட்டம் முழுப் பொருளின் நிறையைப் பார்ப்பதில்லை. ஒரே சீரான ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பார்க்கிறது. வயரின் மேலுறை ஒன்று, உள்ளே இருக்கும் செம்பு வேறொன்று, திருகாணியின் பூச்சு இன்னொன்று. அப்படியே ஒரு துளி சொல்டரும் தனிப் பொருள். அந்தத் துளியில் ஈயம் 37 வீதம். அனுமதித்த அளவைப் போல் 370 மடங்கு. விளக்கு ஒரு கிலோவானாலும் நூறு கிலோவானாலும் அந்தத் துளியால் முழுச் சரக்கும் பிழையாகிவிடும்.

13 இலட்சம் பெட்டிகளை நிறுத்திய வயர்

இது சின்ன விடயம் என்று நினைப்பவர்களுக்காக உலகறிந்த சம்பவம் ஒன்றைச் சொல்கிறேன். 2001ஆம் ஆண்டின் இறுதியில், ரொஹ்ஸ் சட்டம் வருவதற்கு முன்பே, நெதர்லாந்து அதிகாரிகள் சோனி நிறுவனத்தின் 'பிஎஸ் வன்' விளையாட்டுச் சாதனங்களைத் தடுத்து நிறுத்தினார்கள். ஏறக்குறைய 13 இலட்சம் பெட்டிகள். சாதனத்தில் எந்தக் கோளாறும் இல்லை. அதனோடு வந்த வயர்களில் அந்நாட்டுச் சட்டம் அனுமதித்த அளவை விடக் கூடுதலாகக் கட்மியம் இருந்தது. அவ்வளவுதான்.

நத்தார் வியாபாரம் சூடு பிடிக்கும் நேரம். வயர்களை மாற்றவும் மறுபடி பொதி செய்யவும் கோடிக்கணக்கான டொலர் போனது. வயரைச் செய்தது சோனி அல்ல, அவர்களுக்குப் பொருள் கொடுத்தவர்கள். ஆனால் பெட்டியில் இருந்த பெயர் சோனி. அதன் பிறகு அந்த நிறுவனம் 'கிரீன் பார்ட்னர்' என்ற முறையை ஏற்படுத்தியது. தன் சோதனையில் தேறியவர்களிடம் மட்டுமே பொருள் வாங்கும் முறை அது.

ஜெர்மனியில் இருந்து வந்த அந்த இரண்டு பக்கப் படிவத்தின் பின்னணியும் இதுதான். தனக்குப் பொருள் கொடுப்பவர் யார், அவருக்குக் கொடுப்பவர் யார் என்று வாங்குபவர் கேட்டுக்கொண்டே போகிறார். அந்தச் சங்கிலியின் கடைசி வளையம் மடுல்கெல்லையில் உள்ள ஒரு சிறிய அறையாகவும் இருக்கலாம்.

எங்கெங்கே ஒளிந்திருக்கும்?

சொல்டரில் ஈயம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். மற்றவை அப்படியல்ல. மலிவான பி.வி.சி. வயரின் உறையில் ஈயமும் தலேற்றும் இருக்கலாம். சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள் நிறப் பிளாஸ்டிக்கில் கட்மியச் சாயம் இருக்கலாம். மஞ்சள் பளபளப்புள்ள திருகாணியின் பூச்சில் அறுவலு குரோமியம் இருக்கலாம். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த கறுப்புப் பெட்டிகளில் புரோமின் சேர்வைகள் இருக்கலாம். பழைய ரேடியோக்களில் இருந்து கழற்றிய உதிரிப் பாகங்களின் கால்களில் ஈயம் கலந்த பூச்சு இருக்கலாம். ஆகவே ஏற்றுமதிப் பொருளுக்குக் கழற்றிய பாகங்களைப் பாவிக்கவே கூடாது.

எங்கள் பித்தளையிலும் ஒரு விடயம் இருந்தது. கடைவதற்கு இலகுவாக இருப்பதற்காகப் பித்தளையில் சிறிதளவு ஈயம் சேர்ப்பார்கள். செம்புக் கலப்பு உலோகங்களில் 4 வீதம் வரை ஈயத்துக்கு ஐரோப்பியச் சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் இத்தகைய விலக்குகளுக்குக் காலக்கெடு உண்டு. நீடிப்பார்கள், திருத்துவார்கள், சிலவற்றை நீக்குவார்கள். ஆகவே ஒவ்வொரு ஓடரின் போதும் அந்த விலக்கு நடைமுறையில் உள்ளதா என்று வாங்குபவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பட்டறையில் செய்ய வேண்டியவை

ஒன்று: ஈயமில்லாத சொல்டர் வாங்குங்கள். பொதுவாகக் கிடைப்பது வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 வீதம் கொண்ட கலவை. வெள்ளி இருப்பதால் விலை கூட. பழைய சொல்டர் 183 பாகை செல்சியசில் உருகும். இது உருகுவதற்கு ஏறக்குறைய 217 பாகை வேண்டும். எனவே சூட்டுக்கோலின் சூட்டைக் கூட்ட வேண்டும்.

இரண்டு: பழைய சூட்டுக்கோலின் நுனியால் புதிய சொல்டரைத் தொடாதீர்கள். நுனியில் ஒட்டியிருக்கும் ஈயம் கலந்துவிடும். சூட்டுக்கோல், நுனி, துடைக்கும் பஞ்சு, மேசை எல்லாம் வேறாக இருக்கட்டும். பழுது பார்க்கும் மேசையில் ஏற்றுமதிப் பொருளை வைக்கவும் வேண்டாம்.

மூன்று: புதிய சொல்டரின் மேற்பரப்பு சற்று மங்கலாகத்தான் இருக்கும். பளபளப்பு இல்லை என்று பையன்கள் மீண்டும் மீண்டும் சூடாக்கிப் பாகத்தைக் கெடுத்துவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள்.

நான்கு: அறைக்குக் காற்றோட்டம் வேண்டும். ஈயச் சொல்டர் பாவிப்பவர்கள் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது. பிள்ளைகளை அந்த அறைக்குள் விடவே வேண்டாம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சட்டம் வந்ததன் காரணமும் ஏற்றுமதிக் கெடுபிடி அல்ல, இதுவேதான்.

காகிதமும் சரக்குத்தான்

வயர், எல்.ஈ.டி., சுவிச், சொல்டர், திருகாணி என்று ஒவ்வொன்றுக்கும் அதைச் செய்தவரின் உறுதிமொழிக் கடிதத்தைக் கேளுங்கள். கடிதத்தில் பாகத்தின் இலக்கமும் திகதியும் இருக்க வேண்டும். 'எங்கள் பொருள் எல்லாம் நல்லது' என்ற பொதுவான கடிதம் உதவாது. பரிசோதனை அறிக்கை தந்தால், அறிக்கையில் உள்ள பொருளும் உங்கள் கையில் உள்ள பொருளும் ஒன்றா என்று பாருங்கள். விலைச்சிட்டைகளையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஐரோப்பியச் சட்டப்படி உற்பத்தியாளர் இந்த ஆவணங்களை 10 வருடம் பாதுகாக்க வேண்டும்.

எக்ஸ் கதிர்க் கருவியால் பொருளைச் சில நிமிடங்களில் சோதிக்கலாம். அது முதற்கட்டச் சோதனை மட்டுமே. குரோமியம் இருக்கிறது என்று சொல்லும், அது அறுவலு குரோமியமா என்று சொல்லாது. புரோமின் இருக்கிறது என்று சொல்லும், எந்தச் சேர்வை என்று சொல்லாது. சந்தேகம் வந்தால் இரசாயன ஆய்வுகூடம்தான் முடிவு சொல்ல வேண்டும்.

இறக்குமதி செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சீனப் பொருட்களில் செம்மஞ்சள் வட்டத்துக்குள் '10' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிலர் அதைப் பத்து வருட உத்தரவாதம் என்று வாடிக்கையாளரிடம் சொல்கிறார்கள். அது உத்தரவாதம் அல்ல. இந்தப் பொருளில் எல்லையைத் தாண்டிய ஆபத்தான பதார்த்தம் உண்டு, சாதாரணப் பாவனையில் பத்து வருடம் வரை அது வெளியே கசியாது என்பதே அதன் கருத்து. அப்படி எதுவும் இல்லாத பொருளுக்குப் பச்சை நிற 'இ' அடையாளம் இருக்கும். அதேபோல் குறுக்குக் கோடிட்ட குப்பைத் தொட்டிப் படம், பொருளைச் சாதாரணக் குப்பையில் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறது. அது தரச் சான்று அல்ல.

விற்ற பிறகும் முடியவில்லை

என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பல வருடங்களாகப் பழுதான சீ.எப்.எல். பல்புகளையும் டியூப் விளக்குகளையும் கடைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில்தான் கொட்டினேன். அவற்றுக்குள் இரசம் இருப்பது தெரியாமல் அல்ல, தெரிந்தும் பொருட்படுத்தாமல். மழைக்கு எங்கள் பள்ளங்களில் ஓடும் தண்ணீர் ஹுலு கங்கைக்கும், அங்கிருந்து மகாவலிக்கும் போகிறது.

தமிழ்நாட்டில் கொடைக்கானல் என்ற மலை நகரில் இரச வெப்பமானி செய்யும் தொழிற்சாலை ஒன்றை இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் நடத்தியது. இரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஊருக்குள் ஒரு பழைய சாமான் கடையில் ஏழு தொன்னுக்கும் மேல் குவிந்து கிடந்தது 2001 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்தது. தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் ஏறக்குறைய 290 தொன் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலில் அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் 2016இல்தான் நிறுவனம் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. பெரிய நிறுவனத்தின் கதைதான். ஆனால் அது வெளிப்பட்ட இடம் நம்மைப் போன்ற ஒரு சிறு வியாபாரியின் முற்றம்.

இலங்கையில் 2008 பெப்ரவரி 1ஆம் திகதிய 1534/18 இலக்க அதிவிசேட வர்த்தமானி, மின்சார, இலத்திரனியல் கழிவுகளையும் பட்டியலிட்ட கழிவுகளுக்குள் கொண்டுவந்தது. அத்தகைய கழிவைச் சேகரிக்கவும் ஏற்றிச் செல்லவும் களஞ்சியப்படுத்தவும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆகவே பழைய போன், பற்றரி, சேர்கிட் பலகை வாங்க வருபவரிடம் முதலில் அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள். இரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையிலும் இலங்கை 2017இல் இணைந்தது. 30 வோற்று வரையான, சேர்கிட் உள்ளடங்கிய சீ.எப்.எல். பல்புகளின் உற்பத்தியையும் இறக்குமதியையும் 2025உடன் நிறுத்துவதென அந்த உடன்படிக்கை நாடுகள் 2022இல் முடிவு செய்தன. மலிவாகக் கிடைக்கிறதென்று அந்தச் சரக்கை இனி வாங்கிக் குவிப்பவர் யோசித்து வாங்க வேண்டும்.

ஓடர் என்ன ஆனது?

மருமகன் ஜெர்மனிக்கு உண்மையை எழுதினார். இப்போதைய சொல்டரில் ஈயம் உண்டு, வயருக்குக் கடிதம் இல்லை, இரண்டையும் மாற்ற ஆறு வாரம் வேண்டும், விலையும் சற்றுக் கூடும் என்று எழுதினார். பதில் வரும் வரை அவருக்குத் தூக்கம் இல்லை. முதலில் 200 என்பதை 60ஆகக் குறைத்துக்கொள்வதாகப் பதில் வந்தது. வயர் கொடுத்தவரிடம் கடிதம் கேட்டோம், அவரால் தர முடியவில்லை. கடிதம் தரக்கூடிய வேறொருவரிடம் வாங்கினோம். ஏற்கெனவே செய்து முடித்த விளக்குகளை அதற்குள் சேர்க்கவில்லை. 60உம் போய்ச் சேர்ந்தன. மிகுதியையும் அனுப்பச் சொல்லிப் பிறகு கடிதம் வந்தது.

அன்று அந்தப் படிவத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைத்திருந்தால் 200உம் உடனே போயிருக்கும். அங்கே ஒரே ஒரு விளக்கைச் சோதித்திருந்தாலும் முழுச் சரக்கும் திரும்பியிருக்கும். கைவினைஞர்களின் கூலி, மூன்று இளைஞர்களின் முதல், கண்டி விளக்கு என்ற பெயர் எல்லாம் அதோடு போயிருக்கும். தெரியாததைத் தெரியும் என்று எழுதிக் கொடுப்பதும் பொய்ச் சாட்சிதான்.

இப்போது என் கடையில் மூடியுள்ள பெட்டி ஒன்று இருக்கிறது. பழுதான பல்புகளும் பற்றரிகளும் அதற்குள்தான் போகின்றன. பள்ளத்தில் நான் கொட்டியதை இனி எடுக்க முடியாது. அந்தப் பெட்டி நிரம்பியதும் அனுமதிப்பத்திரம் உள்ளவரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கி, விளக்குக் கோப்பிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.