பட்டச் சான்றிதழில் ஒரு திருத்தம்



1943. கிண்டி பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் முடித்த ஒருவருக்குப் பட்டச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அச்சடித்து வைத்திருந்த படிவத்தில் ஆணைக் குறிக்கும் ‘ஹி’ என்ற ஆங்கிலச் சொல்தான் இருந்தது. படித்து முடித்தவரோ ஒரு பெண். என்ன பண்ணுவது? ‘ஹி’யை அடித்துவிட்டு ‘ஷி’ என்று திருத்திக் கொடுத்தார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் அ. லலிதா. இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர்.

பெண்ணியம், ஆண் சலுகை, அமைப்பு சார்ந்த ஒடுக்குமுறை என்று தலைப்பைப் பார்த்தாலே நம்மில் பலர் ‘ஐயோ, லெக்சரா?’ என்று அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுவோம். அதனால் இந்தக் கட்டுரையில் அந்த ஒரு திருத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போகலாம். பெரிய வார்த்தைகளுக்கு அர்த்தம் தானாகப் புரியும்.

சுப்பா ராவ் செய்த இரண்டு வேலைகள்

லலிதா 1919-ல் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவர் இறந்துபோனார். கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. அந்தக் காலத்தில் அந்த மாதிரிக் குடும்பத்தில் ஒரு இளம் விதவையின் வாழ்க்கை எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியும்: ஒரு மூலை, ஒரு வெள்ளைச் சேலை, அவ்வளவுதான்.

லலிதா மறுபடி படிக்கக் கிளம்பினார். மெரினா கடற்கரையைப் பார்த்து நிற்கும் ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார். அடுத்து மருத்துவம் படித்தால் ராத்திரி பகல் பார்க்காமல் ஓட வேண்டும். குழந்தையைக் கவனிக்க முடியாது. எனவே நேரம் காலம் உள்ள வேலையாக இருக்கட்டும் என்று பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அந்த நிறுவனத்தில் அதுவரை ஒரு பெண்கூடப் படித்ததில்லை.

லலிதாவின் அப்பா பப்பு சுப்பா ராவ் அதே கல்லூரியில் எலக்ட்ரிக்கல் பேராசிரியர். அவர் கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார். பொதுக் கல்வித்துறை இயக்குநர் ஸ்டாதமிடமும் அனுமதி வாங்கினார். 1940-ல் லலிதா உள்ளே வந்தார். இது முதல் வேலை.

இதுவரை கேட்டால் ‘நல்ல அப்பா’ கதைதான். பாசமுள்ள, செல்வாக்குள்ள எந்த அப்பாவும் செய்யக்கூடியது. ஆனால் கதை இங்கே முடியவில்லை.

கல்லூரி முழுக்க நூற்றுக்கணக்கான ஆண்கள். நடுவில் ஒரே ஒரு பெண். பையன்கள் யாரும் தொந்தரவு செய்ததாக லலிதா குறை சொல்லவில்லை. ஆனால் தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னார். சுப்பா ராவ், ‘பொறுத்துக்கோம்மா, எல்லாம் பழகிடும்’ என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. பெண்களும் பொறியியலில் சேரலாம் என்று விளம்பரம் வரச் செய்தார். அதைத் தொடர்ந்து லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்ற இரண்டு பேர் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். இது இரண்டாவது வேலை.

முதல் வேலை மகளுக்காக. இரண்டாவது வேலை, முன்பின் தெரியாத யாரோ இரண்டு பெண்களுக்காக. முதலாவது ஒரு விதிவிலக்கு வாங்கிக் கொடுத்தது. இரண்டாவது விதியையே மாற்றத் தொடங்கியது. ஒரு ஆண் பெண்ணியத்துக்கு என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கான பதில் இந்த இரண்டாவது வேலையில்தான் இருக்கிறது.

பின்னாளில் லலிதா கல்கத்தாவில் ஒரு மின்சாதன நிறுவனத்தில் வேலை பார்த்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான மின்பணிகளில் பங்கெடுத்தார். 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்குப் போனார். திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். அந்த விளம்பரம் வராமல் போயிருந்தால்?

படிவம்தான் அமைப்பு

இப்போ அந்தச் சான்றிதழுக்குத் திரும்பி வருவோம். அந்தப் படிவத்தை அச்சடித்தவர் பெண்களை வெறுத்தவரா? அப்படி நினைக்க ஒரு காரணமும் இல்லை. ‘பொறியாளர்னா ஆம்பளைதானே’ என்று அவருக்குத் தோன்றியிருக்கும். இல்லை, எதுவுமே தோன்றியிருக்காது. அதுதான் விஷயம். யாரும் கெட்டவராக இல்லாமலேயே ஒரு பாதிப் பேரை வெளியே நிறுத்த முடிந்தால், அதற்குப் பெயர் அமைப்பு சார்ந்த ஒடுக்குமுறை.

நம்ம பாஷையில் சொன்னால், இது டிஃபால்ட் வேல்யூ. புரோகிராமில் ஒருமுறை செட் பண்ணிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் அதைத் தொட மாட்டார்கள். அந்த மதிப்போடு பொருந்திப் போகிறவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பொருந்தாதவர் மட்டும்தான் ஒவ்வொரு முறையும் மாற்றி எழுத வேண்டும். ஆண் சலுகை என்றால் இவ்வளவுதான்: உங்கள் சான்றிதழில் யாரும் எதையும் அடித்துத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

‘நானும் கஷ்டப்பட்டுத்தான் படிச்சேன்!’

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு எதிர்ப்பு வரும். “எங்க அப்பா கூலி வேலை. கல்விக் கடன்ல படிக்கிறேன். எனக்கு என்ன சலுகை?” நியாயமான கேள்வி. சலுகை இருக்கிறது என்றால் வாழ்க்கை சுகமாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. உங்கள் கஷ்டங்களின் பட்டியலில் ‘ஆணாகப் பிறந்ததால் வந்த தடை’ என்ற ஒரு வரி இல்லை, அவ்வளவுதான். அதே வீட்டில், அதே கடனில், உங்கள் தங்கையின் பட்டியலில் அந்த வரி கூடுதலாக இருக்கும்.

இதே கணக்கைச் சாதிக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். லலிதாவுக்குக் கதவு திறந்தது, அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர் என்பதால். 1940-ல் எந்தச் சாதிக்காரர்கள் அந்த நாற்காலியில் உட்கார முடிந்தது? அதே வளாகத்தைப் பெருக்கியவரின் மகளுக்கு முதல்வரிடம் போய்ப் பேச யார் இருந்தார்கள்? ஒரே ஆளே ஒரு பக்கம் ஒடுக்கப்பட்டவராகவும் இன்னொரு பக்கம் சலுகை உள்ளவராகவும் இருக்கலாம்.

இன்னொரு எதிர்ப்பும் உண்டு. “இப்பெல்லாம் பொண்ணுங்களுக்குத்தான் எல்லா சலுகையும். பஸ்ல கூட ஃப்ரீ!” உண்மைதான், 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தச் சலுகை கண்ணுக்குத் தெரிகிறது. எனவே கேலி செய்ய முடிகிறது. இரவு 10 மணிக்கு தி. நகர் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். ஒரு பையன் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு வருகிற பஸ்ஸில் ஏறுவான். ஒரு பெண் லைவ் லொக்கேஷன் அனுப்பி, கூட்டம் எப்படி என்று பார்த்து, இறங்கும் ஸ்டாப்பில் தெருவிளக்கு எரியுமா என்று யோசித்து ஏறுவாள். அந்தப் பையனுக்குக் கிடைத்ததும் ஒரு சலுகைதான். அதற்கு டிக்கெட் கிழிப்பதில்லை, அதனால் தெரிவதில்லை.

கேட்டது யார், கை தூக்கியது யார்?

சுப்பா ராவ் கதையை மட்டும் சொல்லி நிறுத்தினால், ‘ஆண்கள் மனசு வைத்தார்கள், பெண்கள் முன்னேறினார்கள்’ என்று ஆகிவிடும். அது தப்பு.

கிண்டியிலிருந்து சர்தார் படேல் சாலையில் நேராகப் போனால் அடையாறு. 1917-ல் இந்தியப் பெண்கள் சங்கம் தொடங்கியது அங்கேதான். அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் அதை நடத்தினார்கள். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று கேட்டார்கள். 1921-ல் சென்னை மாகாணம் அதை ஏற்றது; இந்தியாவில் இதில் முந்திக்கொண்ட மாகாணம் நம்முடையதுதான். கேட்டவர்கள் பெண்கள். சட்டமன்றத்தில் உட்கார்ந்து முடிவெடுத்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அவர்களின் பங்கு, கேட்டதற்குச் சம்மதம் சொன்னது.

அந்தச் சட்டமன்றத்துக்குள் பிறகு போன முதல் பெண் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்துகொண்டார். சிறுமிகளைக் கோவில்களுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க 1920-களின் கடைசியில் சட்டமன்றத்தில் குரல் எழுப்பினார். முழுச் சட்டம் வந்தது 1947-ல். ஏறக்குறைய 20 வருடம்! சட்டம் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை; ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்காக 1930-ல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அது இன்றும் அடையாறில் இருக்கிறது. அதே அடையாறில் 1954-ல் அவர் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையை நமக்கெல்லாம் தெரியும்.

பெண் விடுதலையை ஆண்கள் வாங்கித் தருவார்கள் என்று நம்ப வேண்டாம் என்று பெண்களை எச்சரித்தவர் பெரியார். அவருக்கு ‘பெரியார்’ என்ற பட்டத்தைக் கொடுத்ததே 1938-ல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடுதான். தன்னைப் போன்ற ஆண்களையும் சேர்த்துச் சந்தேகப்படச் சொன்னவரை அந்தப் பெண்கள் நம்பினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இன்றைய படிவங்கள்

‘அதெல்லாம் அந்தக் காலம்’ என்கிறீர்களா? நம்மைச் சுற்றி இன்றைக்கும் பழைய படிவங்கள் நிறைய இருக்கின்றன.

*வீடு.* 2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். வித்தியாசம் 202 நிமிடம். ஒரு செமஸ்டர் எக்ஸாமின் 3 மணி நேரத்தைவிட அதிகம், அதுவும் தினமும்.

*ஹாஸ்டல்.* பல கல்லூரிகளில் பெண்கள் விடுதிக் கதவு சாயங்காலமே மூடிவிடும். ஆண்கள் விடுதிக்கு அந்தக் கணக்கு இல்லை. சீனியர் பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்று சொல்வது, புராஜெக்டுக்குப் பழைய கோடு கை மாறுவது எல்லாம் ராத்திரி டீக்கடையில்தான் நடக்கிறது. அங்கே இல்லாதவர் கிளாஸ் டாப்பராக இருந்தாலும் அந்தத் தகவல் அவருக்குப் போகாது. பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகள் விடுதிக்கு மட்டும் பாகுபாடான விதி போடக் கூடாது என்று யு.ஜி.சி.யின் 2015 ஒழுங்குமுறை சொல்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

*லேப், சிம்போசியம்.* நான்கு பேர் பேட்ச்சில் ரீடிங் எழுதுவது யார், சர்க்கியூட்டில் கை வைப்பது யார்? விழாக் குழுவில் கோலம், வரவேற்பு, தொகுத்து வழங்குதல் யாருக்கு? ஸ்பான்சர், பட்ஜெட், டெக்னிகல் யாருக்கு? நாளைக்கு ரெஸ்யூமில் எது நிற்கும்?

சரி, பசங்க என்ன செய்யணும்?

சுப்பா ராவின் இரண்டாவது வேலையை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ‘என் தோழியை நான் பத்திரமாக வீட்டில் விட்டுட்டு வருவேன்’ என்பது முதல் வேலை. நல்லதுதான், போதாது. இரண்டாவது வேலைகள் இப்படி இருக்கும்:

1. நீங்கள் செயலாளராக இருக்கும் குழுவின் கூட்டத்தை எல்லாரும் வரக்கூடிய நேரத்துக்கு மாற்றுங்கள். ராத்திரி டீக்கடையில் முடிவான விஷயத்தை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2. பிளேஸ்மென்ட் கேள்விகள், பழைய கோடு, நோட்ஸ் எல்லாவற்றையும் முழு வகுப்பும் இருக்கும் குரூப்பில் போடுங்கள்.

3. லேப் பேட்ச்சில் வேலையைச் சுழற்சி முறையில் மாற்றுங்கள். ‘அவங்களுக்குக் கையெழுத்து நல்லா இருக்கும்’ என்பது பாராட்டு மாதிரித் தெரியும், பாராட்டு இல்லை.

4. விடுதி நேரத்தை மாற்றச் சொல்லி மாணவிகள் மனு கொடுத்தால், கையெழுத்துப் போடுங்கள். மைக்கை அவர்களிடமே விடுங்கள். அவர்கள் சார்பாகப் பேசுகிறேன் என்று முன்னால் போய் நிற்க வேண்டாம்.

5. பசங்க மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் கூடப் படிக்கும் பெண்ணின் போட்டோ வந்து, கீழே கமெண்ட் ஆரம்பித்தால், ‘டேய், டெலிட் பண்ணு’ என்று சொல்லுங்கள். அந்த அறைக்குள் எந்தப் பெண்ணும் வர முடியாது. நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்.

6. லீவுக்கு வீட்டுக்குப் போனால் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததோடு நிறுத்தாதீர்கள். நாளைக்கு என்ன சமையல், பால் பாக்கெட் இருக்கா, கேஸ் எப்போ தீரும் என்ற யோசனையிலும் பங்கெடுங்கள். அம்மா மண்டைக்குள் ஓடும் அந்த வேலைதான் கண்ணுக்கே தெரியாதது.

இதில் எதற்கும் கைதட்டல் கிடைக்காது. ஐந்தாவதுக்கு உங்களைக் கிண்டல்கூடப் பண்ணுவார்கள். நான்காவதற்கு வார்டன் கூப்பிட்டு விசாரிக்கலாம். கொஞ்சமாவது விலை கொடுக்க வேண்டிய இடத்தில்தான் உங்கள் ஆதரவுக்கு அர்த்தம் வருகிறது.

இந்த வருடம் உங்கள் துறையில் சிம்போசியம் குழு போடுவார்கள். போன வருடப் பட்டியலை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி அப்படியே அனுப்பிவிடுவதுதான் வழக்கம். அனுப்புவதற்கு முன் அந்தப் பட்டியலை ஒரு தடவை படித்துப் பாருங்கள். யாருக்கு எந்த வேலை என்று யார், எப்போது முடிவு செய்தார்கள்? கூட இருக்கும் பெண்களிடம் கேட்டுவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.