சிவப்பணுவுக்குள் ஒரு போராட்டம்

வெட்டி வைத்த ஆப்பிள் சிறிது நேரத்தில் பழுப்பு நிறமாகிறது. மழையில் நனைந்த ஆணி துருப்பிடிக்கிறது. இவ்விரண்டிற்கும் ஆக்சிஜனே காரணம். நாம் உயிர்வாழத் தேவைப்படும் அதே ஆக்சிஜன், சில வேளைகளில் உயிரணுக்களைச் சிதைக்கும் வேதிப்பொருள்களாகவும் மாறுகிறது. அவற்றைச் செயலிழக்கச் செய்யும் பொருள்களை ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் என்பர். இவை மனிதருக்கு மட்டுமன்றி, மனித உடலில் ஒளிந்து வாழும் ஒட்டுண்ணிகளுக்கும் தேவைப்படுகின்றன. மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் என்னும் ஓரணு உயிரி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

அனாஃபிலிஸ் வகைப் பெண் கொசு கடிக்கும்போது இவ்வொட்டுண்ணி நம் உடலினுள் நுழைகிறது. முதலில் கல்லீரலில் பெருகி, பின்னர் இரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுகிறது. அங்கே உடலின் நோய் எதிர்ப்பாற்றல் அதனை எளிதில் கண்டுகொள்வதில்லை. உணவுக்கும் பஞ்சமில்லை. சிவப்பணுவில் ஹீமோகுளோபின் என்னும் புரதம் நிறைந்துள்ளது. ஒட்டுண்ணி அதன் பெரும்பகுதியை உண்டு வளர்கிறது.

ஆனால், அந்த உணவிலேயே ஆபத்தும் அடங்கியுள்ளது. ஹீமோகுளோபின் செரிக்கப்படும்போது, இரும்பைக் கொண்ட ஹீம் என்னும் பொருள் வெளிப்படுகிறது. அது ஒட்டுண்ணியின் மெல்லிய சவ்வுகளைச் சேதப்படுத்தக்கூடியது. அத்துடன், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற கேடு தரும் பொருள்களும் உருவாகின்றன. இவ்வாறு, உண்ட உணவே ஒட்டுண்ணிக்கு நஞ்சாகிறது.

இந்நஞ்சிலிருந்து தப்ப ஒட்டுண்ணி இரண்டு வழிகளைக் கையாள்கிறது. முதலாவதாக, ஹீமைக் கரையாத கரும்பழுப்புப் படிகங்களாக மாற்றிவிடுகிறது. 1880ஆம் ஆண்டில் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லவரான், நோயாளியின் இரத்தத்தில் இந்நிறத் துகள்களைக் கொண்ட உயிரிகளை நுண்ணோக்கியில் கண்டார். மலேரியா ஒட்டுண்ணி கண்டுபிடிக்கப்பட்டது அவ்வாறுதான். இரண்டாவதாக, குளுட்டாதயோன், தயோரெடாக்சின் போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களை அது உருவாக்கிக்கொள்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கட்டலேஸ் என்னும் நொதி நம் சிவப்பணுவில் உண்டு, ஒட்டுண்ணியிடம் இல்லை. இக்குறையை ஈடுசெய்ய, சிவப்பணுவின் பாதுகாப்புப் புரதம் ஒன்றையும் அது தனக்குள் எடுத்துக்கொள்கிறது.

ஒட்டுண்ணியின் இந்தப் பாதுகாப்பைத் தகர்ப்பதே சில மருந்துகளின் வேலை. குளோரோகுயின், ஹீம் படிகமாவதைத் தடுக்கிறது. ஆர்ட்டெமிசினின் என்னும் மருந்தோ, ஹீமில் உள்ள இரும்புடன் வினைபுரிந்து, ஒட்டுண்ணியின் புரதங்களைத் தாக்கும் பொருளாக மாறுகிறது. பழைய சீன மருத்துவ நூல் ஒன்றில் கிடைத்த குறிப்பின் துணையுடன், ஒரு மூலிகையிலிருந்து இம்மருந்தைப் பெற வழிகண்ட தூ யூயூ என்னும் அறிவியலாளர் 2015இல் நோபல் பரிசு பெற்றார்.

இப்போராட்டம் நம் நாட்டுக் குழந்தைகளுக்குச் செய்யப்படும் ஒரு பரிசோதனையுடனும் தொடர்புடையது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும், பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி நொதி போதிய அளவு உள்ளதா என்று சோதிக்கின்றனர். சிவப்பணுவின் குளுட்டாதயோன் தொடர்ந்து செயல்பட இந்நொதி உதவுகிறது. இது குறைவாக உள்ள சிவப்பணுக்களில் மலேரியா ஒட்டுண்ணி நன்கு செழிப்பதில்லை என்று அறிவியலாளர்கள் கருதுகின்றனர். மலேரியா நெடுங்காலம் பரவியிருந்த நாடுகளில் இக்குறைபாடு மிகுதியாகக் காணப்படுவதற்கும் இதுவே காரணம் என்பர்.

எனினும், இக்குறைபாடு உள்ளவர்களின் சிவப்பணுக்களும் எளிதில் சிதைவுறும். அந்துருண்டையும் சில மருந்துகளும் அவர்களுக்குத் தீங்கு விளைவிக்கும். கல்லீரலில் மறைந்திருக்கும் மலேரியா ஒட்டுண்ணியை அழிக்கும் பிரிமாகுயின் மருந்தும் அவற்றுள் ஒன்று. ஒட்டுண்ணியைக் கொல்லும் மருந்தே நோயாளியின் உயிருக்கும் ஆபத்தாகலாம் என்பதால், அதனைக் கொடுக்கும் முன் மருத்துவர்கள் இரத்தத்தைச் சோதிக்கின்றனர். ஆகவே, இக்குறைபாடு உள்ளவர்கள் மருத்துவமனைக்குச் செல்லும்போதெல்லாம் அதனை மறவாமல் தெரிவிக்க வேண்டும்.