பட்டிக்கு அடியில்

அன்புள்ள மருமகனுக்கு,

பழைய மாருதியின் பின்சக்கரத்துக்கு மேலே பெயின்ட் கொப்பளித்திருக்கிறது, பட்டி பார்த்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அது வெளியிலிருந்து வந்த கோளாறு இல்லை. சக்கரம் வாரியடித்த சேறு உள்மடிப்பில் தங்கி, ஈரம் காயாமல், தகட்டை உள்ளிருந்தே தின்றிருக்கிறது. இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். அதனால்தான் பெயின்டைத் தள்ளிக்கொண்டு எழும்புகிறது.

ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிப் பார். கணீரென்றால் தகடு உயிரோடிருக்கிறது. நுனியால் குத்தும்போது உள்ளே போனால் டிங்கரிங் கடைதான் கதி. செத்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் துண்டு வைத்து வெல்டு பண்ணவேண்டும். ஓட்டையைப் பட்டியாலேயே அடைத்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதே. பட்டி ஈரத்தை உறிஞ்சும். அடுத்த மழைக்கே அதே இடம் மறுபடி கொப்பளிக்கும்.

தகடு உரமாக இருந்தால் நீயே செய்யலாம். கொப்பளத்தைத் தாண்டி நல்ல பெயின்ட் வரை உப்புத்தாளால் தேய்; இரும்பு வெள்ளையாகத் தெரியவேண்டும். சின்னக் குழிகளில் தங்கிய துருவுக்கு, கையுறை போட்டுக்கொண்டு, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி தடவு. அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். டெல்லி இரும்புத்தூண் 1600 ஆண்டுகளாக நிற்பதற்கும், இரும்பிலுள்ள பாஸ்பரஸால் உண்டான மெல்லிய படலமே காரணம் என்று கான்பூர் ஐஐடியின் பாலசுப்ரமணியம் விளக்கியிருக்கிறார். கழுவிக் காய்ந்ததும் அன்றே பிரைமர் அடித்துவிடு. தேய்த்த தகட்டை ஒரு ராத்திரி பனியில் விட்டாலே செம்மை ஏறிவிடும்.

கடலோர உப்பு இருந்தால் துரு இன்னும் வேகமாக ஏறும். நீ இருக்கும் உறுவையாற்றில் கடல் ஏது என்கிறாயா? வாரந்தோறும் வீராம்பட்டினம் கடற்கரைக்குப் போய் வருகிறாயே! உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் கழுவினாலும் அதே கதைதான். துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் போதும். உப்பு அந்த ஈரத்தில் மின்னோட்டத்தை எளிதாக்கி வேலையை விரட்டுகிறது, ஈரத்தைக் காயவும் விடுவதில்லை. இந்த அரிப்பையும் ஆராயும் நிறுவனம் ஒன்று நம் பக்கம் உண்டு. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948இல் அடிக்கல் நாட்டினார்கள். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தவர் அழகப்பச் செட்டியார். மண்டபத்தில் கடலோரமாகவே அதன் சோதனை நிலையம் இருக்கிறது.

ஐப்பசி மழைக்கு முன் கதவுகளின் அடியிலுள்ள வடிகால் துளைகளை ஈர்க்குச்சியால் குத்திவிடு. மிதியடியைத் தூக்கித் தரையைக் காயவை. நனைந்த வண்டிமேல் உறை போடாதே. வெல்டிங் நடந்திருந்தால் அதன் சூட்டில் உள்பக்கப் பூச்சு கருகியிருக்கும். அங்கே மெழுகுப் பூச்சு அடிக்கச் சொல். கண்ணில் படாத இடம் என்பதால், கேட்டால்தான் செய்வார்கள்.

அன்புடன்,
மாமா