ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நியூஜெர்சியில் கிடங்கு வேலைக்குப் போகிறாய். கார் ஓட்டத் தெரிந்தவனுக்கு ஃபோர்க்லிஃப்ட் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் என்று அங்கே யாராவது சொன்னால் நம்பாதே. கார் ஓட்டிப் பழகிய கைதான் இங்கே முதல் ஆபத்து. இந்த வண்டி பின்சக்கரத்தால் திரும்புகிறது. ஸ்டீயரிங்கை ஒடித்ததும் வால்பக்கம் எதிர்ப்புறம் வீசும், பக்கத்தில் நிற்பவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். முன்சக்கரங்கள் இரண்டு, பின்அச்சின் நடுப்புள்ளி ஒன்று. இவை மூன்றும் அமைக்கும் முக்கோணத்துக்குள் மொத்த எடையின் மையம் இருக்கும்வரைதான் வண்டி நிற்கும். காலி வண்டி பத்திரமானது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் லோடு இல்லாதபோது அந்த மையம் பின்னே, முக்கோணம் குறுகும் இடத்துக்குப் போய்விடுகிறது. வேகமாகத் திருப்பினால் காலி வண்டி பக்கவாட்டில் எளிதாகக் கவிழும். கவிழும்போது உடம்பு குதிக்கச் சொல்லும். குதித்தவன்மேல் வண்டியின் மேற்கூடு விழும். உட்கார்ந்து ஓட்டும் வண்டி என்றால் பெல்ட்டோடு உள்ளேயே இருந்து, ஸ்டீயரிங்கை இறுகப் பற்றி, காலை ஊன்றி, வண்டி சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உடம்பைச் சாய்க்க வேண்டும். பின்பக்கம் ஏறி நின்றபடி ஓட்டும் வண்டியிலோ, பின்னோக்கி இறங்கி விலக வேண்டும். ஒரு வண்டியில் உயிர் காக்கும் பழக்கம் இன்னொன்றில் உயிரை எடுக்கும்.

அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1998 டிசம்பரில் கொண்டுவந்த பயிற்சி விதியின் நியாயம் இதில்தான் இருக்கிறது. பாடம், கைப்பயிற்சி, வேலை செய்யும் இடத்திலேயே திறன் மதிப்பீடு ஆகிய மூன்றும் வேண்டும் என்கிறது அது. வண்டியின் வகை மட்டுமல்ல, அந்த இடத்தின் சரிவு, தரை, குறுகிய சந்து, ஆள் நடமாட்டம், மூடிய கட்டடத்தில் சேரும் எஞ்சின் புகை எல்லாம் பயிற்சியில் வந்தாக வேண்டும். பயிற்சி முடிந்தது என்று உறுதிசெய்யும் கடமை முதலாளியுடையது. ஆகவே எங்கோ வகுப்பில் வாங்கிய அட்டை மட்டும் போதாது. விவசாயம் தவிர்த்த வேலைகளில் 18 வயது நிரம்பாதவர் ஓட்டவே கூடாது என்பது வேறொரு சட்டம்.

பத்து வருடம் ஓட்டியவருக்கு எதற்கு மறுபடி பாடம், வேலை நேரம்தானே வீணாகிறது என்பார்கள். முழுதும் தள்ளிவிடக்கூடிய பேச்சல்ல. அதனால்தான், ஏற்கெனவே பெற்ற பயிற்சி அந்த வண்டிக்கும் இடத்துக்கும் பொருந்தி, மதிப்பீட்டில் அவர் தேறினால், அதே பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டாம் என்று விதியே விலக்குத் தருகிறது. ஆனால் மதிப்பீட்டுக்கு விலக்கில்லை; மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது அது நடக்க வேண்டும். விபத்தோ, மயிரிழையில் தப்பிய சம்பவமோ நடந்தாலும், வண்டி வகையோ இடத்தின் நிலையோ மாறினாலும் உரிய பகுதியில் மறுபயிற்சி கட்டாயம். அனுபவம் திறமையோடு சேர்த்துத் தப்பான பழக்கத்தையும் கெட்டிப்படுத்தும். தன் பழக்கம் தப்பு என்று ஓட்டுபவருக்கே தெரியாது. வேறொருவர் நின்று பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே சேரும் நாளிலேயே கேட்டுவிடு: எனக்குத் தரப்போவது எந்த வகை வண்டி, என்னை மதிப்பிடப் போவது யார்? வண்டியில் பதித்திருக்கும் திறன் தகட்டையும் படி. அதில் உள்ள எடை, ஃபோர்க்கின் முகப்பிலிருந்து குறிப்பிட்ட தொலைவில், பெரும்பாலும் 24 அங்குலத்தில், சரக்கின் மையம் இருந்தால்தான் பொருந்தும். நீளமான சரக்கென்றால் தூக்கக்கூடிய எடை குறையும். எவ்வளவு குறையும் என்பதைப் பயிற்சி தருபவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தூக்கு.

அன்புடன்,
அண்ணன்