முட்டி தேயாது, முதலில் சீட்டை ஏற்றுங்கள்

“வேணாம்ப்பா, முட்டி தேஞ்சிடும்.”

செஞ்சியில் சைக்கிளைக் கொஞ்சம் வேகமாக மிதிக்கும் எந்தப் பிள்ளையையும் கேட்டுப் பாருங்கள். வீட்டில் யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருப்பார். கைபேசியில் சைக்ளோகிராஸ் போட்டிகளைப் பார்த்த பையன்களும் பெண்களும், அறுப்பு முடிந்த கழனியிலும் ஏரிக்கரை மண்ணிலும் அப்படி ஒன்றை நடத்திப் பார்க்கலாமா என்று கேட்க ஆரம்பித்ததிலிருந்து இந்தப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. அப்பா, மாமா, ஜிம் மாஸ்டர், மருந்துக்கடையில் நீ-கேப் விற்பவர் என்று ஊரே முட்டி டாக்டராகிவிட்டது. “இருபதுல ரேஸ் ஓட்டுனா நாற்பதுல கம்பு ஊணித்தான் நடக்கணும்” என்று ஆருடம் வேறு. பிசியோதெரபி மேசையில் நாள் முழுக்க முட்டிகளோடு மல்லுக்கட்டுகிறவன் சொல்கிறேன்: இது பொய். பிள்ளைகளை உட்கார வைத்தே கெடுக்கிற பொய்.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. சைக்ளோகிராஸ் என்பது தார்ச்சாலைப் போட்டி அல்ல. இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றுப்பாதை. புல், மணல், சேறு, மேடு எல்லாம் அதில் வரும். இடையில் 40 செ.மீ. உயரத்துக்கு மிகாத பலகைத் தடுப்புகள் இருக்கும். ஓட்ட முடியாத இடத்தில் குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடி, மறுபடி ஏறி மிதிக்க வேண்டும். உலகப் போட்டியில் ஆண்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் இந்தப் பாடு. பிரான்சில் 1902இல் டேனியல் கூசோ என்ற ராணுவ வீரர் முதல் தேசியப் போட்டியை நடத்தினார். 1950இல் பாரிசில் முதல் உலகப் போட்டி நடந்தது. வென்றவர் ழான் ரோபிக், மூன்று ஆண்டுகளுக்கு முன் டூர் தெ பிரான்ஸையும் வென்றிருந்தவர்.

நம்பிக்கை: சைக்கிள் மிதித்தால் முட்டி தேய்ந்துவிடும்

தேய்கிறதா இல்லையா என்பதை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியதில்லை. அளந்தே பார்த்திருக்கிறார்கள். பெர்லினில் ஷாரிட்டே மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வுக் குழு, மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களின் செயற்கை முட்டிக்குள்ளேயே விசையை அளக்கும் கருவியைப் பொருத்தியது. 2010இல் வெளியான அளவுகள் இவை: சமதரையில் நடக்கும்போது முட்டியில் விழும் உச்ச விசை உடல் எடையைப் போல 2.6 மடங்கு. படி ஏறும்போது 3.2 மடங்கு. படி இறங்கும்போது ஏறத்தாழ 3.5 மடங்கு. அதே குழு 2012இல் சைக்கிள் மிதிப்பதை அளந்தது. 120 வாட் திறனில், அதாவது மூச்சு லேசாக வாங்கும் அளவுக்கு மிதிக்கும்போது, வந்த விசை 1.2 மடங்குதான்.

கணக்குப் போடுங்கள். 70 கிலோ ஆள் படி இறங்கினால் முட்டியில் ஒவ்வொரு அடிக்கும் 240 கிலோவுக்கு மேல் விழுகிறது. சைக்கிள் மிதித்தால் சுமார் 84 கிலோ. உடம்பின் பாரத்தைச் சீட்டு வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான் சங்கதி.

இப்போது சொல்லுங்கள். வெளியூர் சொந்தக்காரர் வந்தால் ராஜகிரிக்குக் கூட்டிப்போகிறோம். ஏறத்தாழ 800 அடி உயரம். வழியில் கமலக்கண்ணி அம்மனைக் கும்பிட்டு, உச்சிக்குப் போய், வெயிலுக்கு முன் தடதடவென்று இறங்கி வருகிறோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பஸ் ஏறித் திருவண்ணாமலை போய், வெறுங்காலில் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கிறோம். அப்போதெல்லாம் தேயாத முட்டி, சைக்கிள் சீட்டில் உட்கார்ந்ததும் தேய்கிறதாக்கும்? நடக்காதீர்கள், மலை ஏறாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்றரை மடங்கைத் தாங்குகிற மூட்டுக்கு ஒன்றேகால் மடங்கைக் காட்டிப் பூச்சாண்டி காட்டாதீர்கள் என்கிறேன்.

இந்தப் பயத்துக்கு அடியில் ஒரு தவறான படம் இருக்கிறது. முட்டியை எல்லோரும் சைக்கிள் பேரிங் மாதிரி நினைக்கிறார்கள். சுற்றச் சுற்றத் தேயும், ஆயில் வற்றும், கடைசியில் மாற்ற வேண்டும். “முட்டியில ஆயில் வத்திப்போச்சு” என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்! பேரிங்குக்கு உயிர் இல்லை, முட்டிக்கு இருக்கிறது. எலும்பு நுனியை மூடியிருக்கும் குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய சத்து மூட்டுத் திரவத்திலிருந்துதான் போக வேண்டும். கால் மடங்கி நீளும்போது குருத்தெலும்பு அமுங்கி விரிகிறது. அந்த அமுக்கத்தில்தான் திரவம் உள்ளே போய் வருகிறது. அசையாமல் கிடக்கும் மூட்டுதான் பட்டினி கிடக்கிறது. கட்டுப் போட்டு ஆறு வாரம் வைத்திருந்த காலைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் மூட்டுத் தேய்மானத்தைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்துவரும் பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் பங்கேற்ற 2,600க்கும் மேற்பட்டவர்களின் வாழ்நாள் சைக்கிள் பழக்கத்தை அலசி 2024இல் ஒரு கட்டுரை வந்தது. சைக்கிள் ஓட்டிய பழக்கம் உள்ளவர்களிடம் அடிக்கடி வரும் முட்டிவலி 17 சதவீதமும், எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானம் 9 சதவீதமும், வலியோடு கூடிய தேய்மானம் 21 சதவீதமும் குறைவு. சைக்கிள்தான் முட்டியைக் காப்பாற்றியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நல்ல முட்டி உள்ளவர்கள்தான் ஓட்டினார்களோ என்னவோ. ஆனால் ‘தேயும்’ என்பது உண்மையானால் எண்கள் நேர்மாறாக அல்லவா வந்திருக்க வேண்டும்?

“எங்க தாத்தா அறுபது வருஷம் சைக்கிள்லதான் பால் ஊத்தினார், அவருக்கு முட்டி போயிடுச்சே?” என்பார்கள். தாத்தா சைக்கிளில் மட்டுமா போனார்? விடிகாலையில் மாட்டுக்குப் பக்கத்தில் குந்தினார், கழனியில் நாற்று நடக் குனிந்தார், கேன்களைத் தூக்கினார், எண்பது வயது வரை வாழ்ந்தார். நம் நெல் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர்களின் முட்டியைப் பார்த்தால் தெரியும். குந்தி, மண்டியிட்டு, பாரம் சுமந்து செய்யும் வேலைதான் முட்டித் தேய்மானத்தோடு தொடர்புடையது என்று பழைய ஆய்வுகளே காட்டிவிட்டன. அதோடு உடல் எடையும் வயதும். தாத்தா செய்த வேலைகளிலேயே முட்டிக்கு மிகக் குறைவாகக் கெடுதல் செய்தது அந்தச் சைக்கிள்தான். பழி மட்டும் அதன் மேல்.

அப்படியானால் ஓட்டுகிறவர்களுக்கு முட்டி வலிப்பதே இல்லையா? வலிக்கிறது. முக்கால்வாசி நேரம் குற்றவாளி சீட்டு. ‘கால் தரையில் ஊன்ற வேண்டும்’ என்று சீட்டைத் தாழ வைத்துவிடுகிறோம். மிதிக்கும்போது முட்டி நெஞ்சை இடிக்கிற மாதிரி மேலே வருகிறது. அதிகம் மடங்கிய முட்டியில் பலத்தைக் கொடுத்து அழுத்தினால் முட்டிச் சில்லு தொடை எலும்பின் மேல் இறுகுகிறது. நாலு நாளில் முன்பக்கம் வலி. உடனே ‘பார்த்தியா, நான் சொல்லல?’ என்று தீர்ப்பு.

சுவரோரம் சைக்கிளை நிறுத்தி ஏறி உட்காருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலைக் கீழ்க்கோடி வரை கொண்டுபோங்கள். அப்போது முட்டி நேராக நீள வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அதுதான் உங்கள் உயரம். முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டியில் தானாகவே 25 முதல் 35 டிகிரி வரை மடிப்பு மிஞ்சும். முட்டிக்கு முன்னால் வலித்தால் சீட்டு தாழ்வு, பின்னால் இழுத்தால் சீட்டு உயரம் என்று முதலில் சந்தேகப்படுங்கள். சேற்றிலும் மேட்டிலும் அடிக்கடி இறங்கி ஏற வேண்டிய போட்டியில் அரை விரல்கடை தாழ்த்திக்கொள்வது உண்டு. அதற்கு மேல் வேண்டாம்.

சைக்ளோகிராஸில் முட்டிக்கு உண்மையான ஆபத்து மிதிப்பதில் இல்லை, இறங்கி ஓடுவதில் இருக்கிறது. சேற்றில் பாதம் சிக்கி நிற்க, உடம்பு மட்டும் திரும்பினால் ஜவ்வு கிழியும். கணுக்கால் பிசகும். அதனால் முதலில் புல்தரையில் மெதுவாகப் பழகுங்கள். தடுப்புக்கு முன்பே வலது காலைப் பின்பக்கமாகச் சீட்டுக்கு மேலே சுற்றிக் கொண்டுவந்து, இடது பெடலில் நின்றபடி வந்து, இறங்கும் அடியிலேயே ஓட ஆரம்பிக்க வேண்டும். ஏறும்போது சீட்டில் பொத்தென்று விழக் கூடாது. வலது தொடையின் உட்பக்கம் சீட்டில் பட்டு வழுக்கிக்கொண்டு உட்கார வேண்டும். ஏற்கெனவே முட்டி வீங்குகிறது, நடுவில் பூட்டிக்கொள்கிறது என்றால் போட்டிக்கு முன் காட்டிக்கொள்ளுங்கள். நீ-கேப்பை மாட்டிக்கொண்டு சமாளிக்கலாம் என்று வராதீர்கள்.

மற்றவை, சுருக்கமாக

‘லட்ச ரூபாய் சைக்கிள் வேண்டும்.’ வேண்டாம். உலகப் போட்டியில் டயர் 33 மி.மீ.க்கு மேல் அகலம் இருக்கக் கூடாது என்பது விதி. நம் ஊர் கறுப்பு சைக்கிளின் 28க்கு ஒன்றரை இன்ச் டயரே 38 மி.மீ. வருகிறது, மண்ணுக்கு அதுவே தாராளம். கனமான சைக்கிளைத் தோளில் தூக்க வேண்டாம், தள்ளிக்கொண்டு ஓடுங்கள். ஈரமான இரும்பு ரிம்மில் பிரேக் பிடிக்காது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

‘இறங்கித் தள்ளினால் தோல்வி.’ இந்த ஆட்டத்தின் பாதியே அதுதான்.

‘ஆண்மை போய்விடும்.’ பிரிட்டனில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்களிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஓட்டும் நேரத்துக்கும் மலட்டுத்தன்மைக்கும் விறைப்புக் குறைவுக்கும் தொடர்பு தெரியவில்லை. மரத்துப்போனால் சீட்டின் சாய்வையும் உயரத்தையும் சரிசெய்யுங்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

‘பொம்பளைப் பிள்ளைக்கு ஆகாது.’ 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. குவாரித் தொழிலாளிப் பெண்கள் ஓட்டினார்கள். சைக்ளோகிராஸில் நெதர்லாந்தின் மரியான் வோஸ் எட்டு முறை உலக சாம்பியன். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

‘நடுவில் தண்ணீர் குடித்தால் வயிறு பிடிக்கும்.’ ஒரு மடக்கு இரண்டு மடக்காகக் குடித்தால் பிடிக்காது. ஐரோப்பாவில் இது குளிர்கால ஆட்டம். இங்கே மார்கழி, தையில், காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். முதல் போட்டிக்கு அரை மணி நேரம் போதும்.

‘மண்ணே காயத்துக்கு மருந்து.’ இல்லை. காபித்தூளும் இல்லை. ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். அழுக்குக் காயமாக இருந்து, கடைசி டிடி ஊசி போட்டு ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

‘கோட்டையை விட்டால் வேறு தடம் ஏது?’ இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. செஞ்சிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2025 ஜூலையில் மராத்தியர் ராணுவ நிலவமைப்புகள் என்ற 12 கோட்டைகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது; அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது இது ஒன்றுதான். தேசிங்கு ராஜாவின் குதிரை தாவிய மண் என்று சொல்லிக்கொண்டு அந்தப் படிகளில் சைக்கிளை இறக்காதீர்கள். பக்கமலைக் காட்டுக்குள்ளும் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். அறுப்பு முடிந்த கழனி இருக்கிறது. உடையவரிடம் கேளுங்கள், ஊராட்சியிடம் சொல்லுங்கள்.

ஒரு ஸ்பேனர் வாங்குங்கள்

போட்டியை விடுங்கள், எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய விலையில்லா சைக்கிள், பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகள் அனைவருக்கும் விரிந்தது. நாட்டிலேயே பெருமைப்படத்தக்க திட்டம். ஆனால் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளைச் சாலையோரம் நின்று பாருங்கள். சைக்கிள் வந்திறங்கிய நாளில் சீட்டு எந்த உயரத்தில் இருந்ததோ, பிளஸ் டூ முடியும் வரை அதே உயரம். பிள்ளை வளர்கிறது, சீட்டு வளர்வதில்லை. முட்டியை மடக்கி மடக்கி மிதித்து, வலி வந்து, சைக்கிளை மூலையில் சாத்திவிட்டு, அப்பாவிடம் வண்டி கேட்கிறது.

இதைத் தடுக்கப் பெரிய பணம் ஒன்றும் வேண்டாம். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு ஸ்பேனரும், சீட்டுக் கம்பி துருப்பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் கிரீஸும், காலாண்டு, அரையாண்டுத் தேர்வு முடிந்து ஒரு பிற்பகலும் இருந்தால் போதும். உடற்கல்வி ஆசிரியர் குதிகால் சோதனையைச் சொல்லிக்கொடுத்தால் மாணவர்களே மாற்றிக்கொள்வார்கள். ஏற்றும்போது சீட்டுக் கம்பியில் உள்ள எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது. அது ஒன்றுதான் எச்சரிக்கை. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் சைக்கிள் நிறுத்தக் கொட்டகை கேட்கிறீர்கள், நியாயம். அடுத்த கூட்டத்தில் ஸ்பேனரையும் கேளுங்கள். ‘முட்டி தேஞ்சிடும்’ என்று இனி யாராவது சொன்னால், முதலில் அவர் வீட்டுச் சைக்கிளின் சீட்டை ஏற்றிவிட்டு அப்புறம் வந்து பேசச் சொல்லுங்கள்.