‘இன்ட்ரோ குடு’ன்னு சொல்லாமலே பழக வைக்கலாம்

ஃபர்ஸ்ட் இயர் வரப் போறாங்க. வாலன்டியரா பேர் குடுத்தவங்களுக்கு முதல்ல ஒரு கணக்கு. ஒரு கிளாஸ்ல 60 பேர். எல்லாரும் எல்லார்கிட்டயும் ஒரு தடவை பேசணும்னா 60×59/2, அதாவது 1770 ஜோடி. மைக்கைக் குடுத்து ஆளுக்கு ஒரு நிமிஷம் பேசச் சொன்னா ஒரு மணி நேரம் காலி. அந்த 1770-ல ஒரு ஜோடிகூட பேசியிருக்காது.

பூதலூர் ஸ்டேஷன்ல காலையில தஞ்சாவூர் ரயில் பிடிச்சு வர்ற ஒரு பையனை நினைச்சுக்கோங்க. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். தன் முறை வர்ற வரைக்கும் “மைசெல்ஃப்...”னு மனசுக்குள்ள ஒத்திகை பார்த்துக்கிட்டு இருப்பான். முன்னாடி பேசின 40 பேர்ல ஒருத்தர் பேரும் அவன் காதுல ஏறியிருக்காது. (இங்கிலீஷ் மீடியத்துக்கும் இதே கதைதான், வெளியே சொல்ல மாட்டோம்.)

அதனால மைக்கை ஓரமா வைங்க. என் ஓட்டு பிங்கோவுக்கு. ஒரு தாள்ல 4×4 கட்டம் போட்டு, 16 கட்டத்துலயும் ஒவ்வொரு வரி எழுதுங்க. ‘குறுவை நாத்து நட்டவங்க’, ‘புது ஆத்துல நீந்தினவங்க’, ‘ஜூன் 12 என்ன நாள்னு தெரிஞ்சவங்க’, ‘மெட்ரோ ரயில்ல போனவங்க’. பொருத்தமான ஆளைத் தேடிப் பிடிச்சு, பேர் கேட்டு எழுதணும். ஒரு பேரை ஒரு தடவைதான் எழுதலாம். இந்த விதியை மட்டும் விட்டுடாதீங்க, இல்லன்னா பக்கத்துல இருக்கிற ஃப்ரெண்டை வச்சே தாளை நிரப்பிடுவாங்க.

இப்போ அதே பூதலூர் பையனைத் தேடி ஆள் வரும். மேட்டூர் அணையைத் திறக்குற வழக்கமான நாள்தான் ஜூன் 12-ன்னு சென்னைப் பொண்ணுக்கு அவன் சொல்லுவான். கல்லணைக் கால்வாயைத்தான் புது ஆறுன்னு சொல்றோம்னும் சொல்லுவான். தமிழ்லயே.

கட் ஆஃப் எவ்வளவு, அப்பா என்ன வேலை, ஊர்ல எந்தத் தெரு, இதெல்லாம் கட்டத்துல வரவே கூடாது. தெருவை எதுக்குக் கேட்பாங்கன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்.

கை கோத்து முடிச்சு அவிழ்க்குற விளையாட்டும் உண்டு. 8 பேர் வட்டமா நின்னு, எதிர்ல இருக்கிற ரெண்டு பேரோட கையைப் பிடிச்சு, விடாம அவிழ்க்கணும். முதல் நாளே கையைப் பிடிக்கக் கூச்சப்படுவாங்க. துண்டோட முனையைப் பிடிக்கச் சொல்லுங்க. சில சமயம் ரெண்டு தனி வளையமா முடியும், அதுவும் ஜெயிச்ச கணக்குதான்.

இவ்வளவு யோசிக்கக் காரணம் இருக்கிறது. 1996-ல் சிதம்பரத்தில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டார். 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ‘சும்மா இன்ட்ரோதான்’ என்பது ராகிங்கிற்கு இன்றைக்கும் வைக்கிற செல்லப்பேர்.

ரெண்டு விஷயம் பாருங்க. “நான் வரல”ன்னு ஒருத்தர் உட்கார்ந்தா, ஏன்னு கேட்காம விட முடியுதா? ஜூனியர் செய்யுறதை சீனியரும் செய்யுறாரா? சுத்தி நின்னு வேடிக்கை பார்க்கிற ஆளுக்கு அந்த ஹால்ல வேலை இல்லை.

அதனால ஜெராக்ஸ் கடைக்குப் போறப்ப 60 தாள் போதாது. வாலன்டியர்ஸுக்கும் சேர்த்து 70 எடுங்க. பேனாவும் ஒரு டப்பா வாங்கிடுங்க.